துருவிய தேங்காய் ஒரு கப்

செவ்வாய்க்கிழமை, இரவு ஏழே முக்கால். தாம்பரம் ரயிலில் நின்றபடியே வந்த ஒருவர் வீட்டுக்குள் நுழைந்து கைப்பையைக் கீழே வைப்பதற்குள் உள்ளிருந்து குரல் வருகிறது: “ராத்திரிக்கு என்ன?” கேட்பவர் குற்றம் சாட்டவில்லை, பசியில் கேட்கிறார். ஆனாலும் அந்த நாளின் மிகக் கடினமான கேள்வி அதுதான். கல்யாண விருந்துக்கும் தீபாவளிப் பலகாரத்துக்கும் தமிழில் சமையல் குறிப்புகள் குவிந்து கிடக்கின்றன. செவ்வாய்க்கிழமை ராத்திரிக்கு என்று ஒரு புத்தகம் எழுத வேண்டுமானால் அது எப்படி இருக்கும்?

அவர் ஏதோ ஒரு சமையல் புத்தகத்தைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தேங்காய் சாதம், ஆகும் நேரம் பதினைந்து நிமிடம் என்று போட்டிருக்கிறது. கீழே தேவையான பொருட்கள்: உதிரியாக வடித்த சாதம் இரண்டு கப், துருவிய தேங்காய் ஒரு கப், பொடியாக நறுக்கிய இஞ்சி ஒரு ஸ்பூன், வறுத்த முந்திரி பத்து. பதினைந்து நிமிடம் என்பது பொய்யில்லை. அரிசி கழுவி, சாதம் வடித்து, அதை ஆறவிட்டு, தேங்காயை உடைத்து, துருவி, இஞ்சியின் தோலைச் சீவி நறுக்கி முடித்தபின் அடுப்பில் நிற்கும் நேரம் அதைவிடக் குறைவாகவே இருக்கும்.

அப்படியானால் மீதி நேரம் எங்கே போயிற்று? பெயரெச்சத்துக்குள் போயிற்று. வடித்த, துருவிய, நறுக்கிய, வறுத்த. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்: பெயரெச்சத்தில் காலமும் செயலும் தோன்றும், பால் தோன்றாது என்கிறது நன்னூல். ‘துருவினாள்’ என்று எழுதினால் யார் என்று கேட்கலாம். ‘துருவினான்’ என்று எழுதினால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். ‘துருவிய தேங்காய்’ என்று எழுதிவிட்டால் கேட்பதற்கு ஒன்றுமில்லை. தேங்காய் துருவலாகவே மரத்திலிருந்து விழுந்ததுபோல ஆகிவிடுகிறது. பவணந்தி முனிவர் சமையலறையை நினைத்துக்கொண்டு அந்த விதியைச் செய்திருக்க மாட்டார். என்றாலும் சமையல் குறிப்பு என்ற இலக்கிய வகைக்கு அதைவிடப் பொருத்தமான விதி வேறு கிடையாது.

வார நாள் இரவுச் சமையலுக்கு என்று எந்த மொழியில் புத்தகம் வந்தாலும், அது சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதைவிட நேரத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறது என்பது என் எண்ணம். நேரத்தை அது எந்த இடத்திலிருந்து எண்ணத் தொடங்குகிறது என்று பார்த்தால் போதும். யாருக்காக எழுதியது, யாரை மறந்துவிட்டு எழுதியது என்பது பிடிபட்டுவிடும்.

சமையல் குறிப்பில் நேரத்தை அச்சிடும் வழக்கத்தைப் பரவலாக்கியவர்களில் ஒருவர் லண்டனின் இசபெல்லா பீட்டன். 1861-ல் அவருடைய இல்லப் பராமரிப்பு நூல் புத்தகமாக வந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்து. நான்கே ஆண்டுகளில் இறந்துபோனார். ஒவ்வொரு குறிப்பிலும் பொருட்களைத் தனியே பிரித்துக் கொடுத்து, ஆகும் நேரம், ஆகும் செலவு, எத்தனை பேருக்கு, எந்தப் பருவத்துக்கு என்று கணக்காகச் சொன்னார். பெரிய கேரட் வேக ஒன்றே முக்கால் மணியிலிருந்து இரண்டேகால் மணி வரை ஆகும் என்கிறது அந்நூல். கேரட்டை அத்தனை நேரம் வேகவிட்டால் மிஞ்சுவது என்ன என்ற கேள்வி ஒருபுறம் இருக்கட்டும். அந்த இரண்டேகால் மணி நேரம் புத்தகத்தை வாசிக்கும் எஜமானியுடையதன்று. வாசிப்பவர் ஒருவர், அடுப்படியில் நிற்பவர் வேறொருவர். அதனால்தான் அங்கே நேரம் இவ்வளவு தாராளமாக ஓடுகிறது.

வாசிப்பவரும் நிற்பவரும் ஒரே ஆளாகும்போது புத்தகத்தின் தொனியே மாறிவிடுகிறது. எனக்கு மிகப் பிடித்த சான்று எதுவார் த பொமியான். போலந்திலிருந்து வந்த குடும்பத்தில் 1875-ல் பாரிஸில் பிறந்தவர்; இயற்பெயர் பொசெர்ஸ்கி. பாஸ்டர் ஆய்வு நிறுவனத்தில் செரிமானத்தை ஆராய்ந்த விஞ்ஞானி. வானொலியில் சமையல் பேசிப் புகழ்பெற்றார். பத்து நிமிடச் சமையல் என்ற அவருடைய சிறுநூல் 1930-ல் வந்தது. மாணவர், கடைச் சிப்பந்தி, அலுவலக எழுத்தர் என்று, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரமே வாய்த்து அதிலும் அரை மணியைச் சும்மா இருப்பதற்காகக் காப்பாற்ற நினைப்பவர்களுக்கான நூல். வீட்டுக்குள் நுழைந்ததும் மேலங்கியைக்கூடக் கழற்றாமல் எரிவாயு அடுப்பைப் பற்றவைத்துப் பெரிய பாத்திரத்தில் தண்ணீரை ஏற்று என்பது அவருடைய முதல் கட்டளை. எதற்காகத் தண்ணீர்? அது அவருக்கும் தெரியாது. வேகவைக்கவோ காப்பி போடவோ ஏதோ ஒன்றுக்கு ஆகும்.

இந்தக் கட்டளையில் ஒரு மேதைமை இருக்கிறது. என்ன சமைப்பது என்று முடிவெடுத்துவிட்டு அடுப்பைப் பற்றவைப்பவர்கள் நாம். அவர் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு முடிவெடுக்கச் சொல்கிறார். களைத்துப்போன மனிதருக்குக் கடினம் கையை அசைப்பதில் இல்லை, தீர்மானிப்பதில் இருக்கிறது என்பது அந்த விஞ்ஞானிக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அவருடைய பத்து நிமிடமும் வெட்டவெளியில் முளைத்ததல்ல. நகரத்துக் குழாய் எரிவாயு அதைத் தாங்குகிறது. தெருமுனை இறைச்சிக் கடையில் பக்குவம் செய்து விற்கும் பண்டங்களும் தகர டப்பாக்களும் தாங்குகின்றன. பாரிஸில் யாரோ ஒரு கடைக்காரர் விடியற்காலையில் எழுந்ததால் மாலையில் இவருக்குப் பத்து நிமிடம் போதுமானதாக இருக்கிறது.

முப்பது ஆண்டு கழித்து, 1960-ல், அமெரிக்காவில் பெக் பிராக்கன் என்ற விளம்பர எழுத்தாளர் சமையலை வெறுப்பவர்களுக்கான சமையல் புத்தகம் என்றே தலைப்பு வைத்து ஒன்றை எழுதினார். ஆண் பதிப்பாசிரியர்கள் ஆறு பேர் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்களாம். கடைசியில் ஒரு பெண் பதிப்பாசிரியர் ஏற்றுக்கொண்டார். முப்பது லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. டப்பா சூப்பைக் கொட்டிக் கிளறும் அந்தச் சமையலில் நாக்குக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. அதை நான் புகழப் போவதில்லை. ஆனால் தினமும் சமைப்பது சலிப்பான வேலை என்பதை வெளிப்படையாக அச்சில் ஏற்றிய துணிச்சல் அதில் இருந்தது. அன்பு, பாசம், அன்னபூரணி என்று பூச்சூட்டி வைத்திருக்கும் நம் சமையல் எழுத்தில் அந்த ஒரு வாக்கியத்துக்கு இன்றும் தட்டுப்பாடுதான்.

வெங்காயக் கதையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வெங்காயத்தை நன்கு பழுப்பேறும்வரை வதக்க ஐந்து முதல் பத்து நிமிடம் ஆகும் என்று ஆங்கிலச் சமையல் குறிப்புகள் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தன. 2012-ல் டாம் ஸ்கோக்கா என்ற பத்திரிகையாளர் கடிகாரத்தோடு அடுப்படியில் நின்று பார்த்து, முக்கால் மணி நேரம் வேண்டும், எவ்வளவு விரட்டினாலும் அரை மணிக்குக் கிட்டத்தட்ட ஆகிவிடும் என்று எழுதினார். ஏன் எல்லோரும் ஒரே பொய்யைச் சொல்கிறார்கள் என்ற அவருடைய கேள்விக்கு விடை எளிது. உண்மையைச் சொன்னால் அந்தக் குறிப்பு அரை மணிச் சமையல் என்ற தலைப்பின் கீழ் வர முடியாது. நம் புத்தகங்களின் ‘பொன்னிறமாக வதக்கவும்’ தப்பித்துக்கொள்வது அங்கே நிமிடம் போடாததால் மட்டுமே.

தமிழில் நேரத்துக்கு என்று ஒரு தனி அலகே பிறந்திருக்கிறது: விசில். பருப்புக்கு நாலு, சாதத்துக்கு மூணு, கொண்டைக்கடலைக்கு ஏழெட்டு. பிரஷர் குக்கருக்குள் நீராவி அடைபட்டு வெப்பம் 120 டிகிரியை ஒட்டி ஏறுவதால் வேகும் நேரம் சுருங்குகிறது. ஆனால் விசில் ஒரு முறையான அளவை அல்ல. தீயின் அளவு, தண்ணீரின் அளவு, ரப்பர் வளையத்தின் வயது எல்லாம் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. முதல் விசில் வருவதற்கு ஆகும் நேரம் கணக்கில் வராது. கடைசி விசிலுக்குப் பின் ஆவி அடங்கும் பத்து நிமிடமும் வராது. மூணு விசில் என்று வாயால் சொல்லும் சாதம் கைக்கு வர அரை மணி ஆகிறது. குக்கரின் வெயிட்டைக் கரண்டியால் தூக்கி ஆவியை விரட்டும் அந்தப் பொறுமையற்ற கையைப் பார்க்காத வீடு உண்டா?

சமையல் புத்தகம் என்றதும் தமிழர் நினைவுக்கு வரும் பெயர் மீனாட்சி அம்மாள். ‘சமைத்துப் பார்’ 1951-ல் வெளிவந்தது. ஊர் விட்டு ஊர் போன உறவுப் பெண்கள் கடிதம் எழுதிச் செய்முறை கேட்க, அவரும் பதில் எழுத, இதையெல்லாம் புத்தகமாகப் போடலாமே என்று அவருடைய மாமா கே.வி. கிருஷ்ணசாமி ஐயர் சொன்னதில் பிறந்த நூல் அது. கூட்டுக் குடும்பத்தைப் பிரிந்து டெல்லிக்கும் பம்பாய்க்கும் குடிபோன இளம் தம்பதியரின் தனிக்குடித்தனத்தில் மாமியாரின் இடத்தை அது நிரப்பியது. கல்யாணச் சீரில் ஒன்றாகவே பல வீடுகளில் கைமாறியது. பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ள வேண்டியதை எழுத்தில் கற்பிக்க முடியும் என்று அது நிரூபித்தது. எப்படிச் செய்வது என்பதில் அது காட்டிய நுணுக்கத்துக்கு ஈடு அபூர்வம். ஆனால் எப்போது செய்வது, எவ்வளவு களைப்பில் செய்வது என்பது அது பிறந்த காலத்தின் கேள்வியே அல்ல. அந்த வீட்டில் பகல் முழுவதும் ஒருவர் இருந்தார்.

இப்போதும் இருக்கிறார், வேறு வடிவத்தில். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஆறு வயதுக்கு மேற்பட்ட இந்தியப் பெண்களில் 81.2 சதவீதத்தினர் கூலியில்லா வீட்டு வேலை செய்பவர்கள். ஆண்களில் 26.1 சதவீதம். அப்படிச் செய்பவர்களை மட்டும் எடுத்துக்கொண்டாலும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். சமையல், துடைத்தல், துவைத்தல் எல்லாம் சேர்ந்த கணக்கு இது. பெயரெச்சம் விட்டுவிட்ட பால் இந்த அட்டவணையில் இருக்கிறது.

இரவுச் சாப்பாடு என்பதும் எப்போதும் இப்போதிருப்பதைப் போல இருந்ததில்லை. வயலுக்குப் போய் வந்த குடும்பங்களில் நாளின் ஒரே சுடுசோறு ராத்திரிச் சோறுதான். அந்தியில் உலை வைத்து வடித்து, உண்டதுபோக மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றி வைத்தால் விடிந்ததும் பழைய சோறு. அந்த வீட்டு இரவுச் சமையலுக்குள் மறுநாள் காலையும் அடக்கம். இட்லியும் தோசையும் நல்ல நாள் பலகாரமாக இருந்த வீடுகள் ஏராளம். ஆட்டுக்கல்லின் முன் உட்கார்ந்து ஒருவர் குழவியைச் சுற்ற வேண்டுமே. 1955-ல் கோயம்புத்தூரில் சபாபதி மின்சாரத்தில் ஓடும் கிரைண்டரை உருவாக்கிய பிறகுதான் மாவு மெல்ல மெல்ல அன்றாடப் பொருளானது. 2011-ல் தமிழக அரசு விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் கொடுக்கத் தொடங்கியபோது அந்த மாற்றம் குடிசை வரைக்கும் வந்து சேர்ந்தது. தமிழ்நாட்டு ராத்திரிச் சாப்பாட்டின் வரலாற்றை எழுதுபவர் அரசாணைகளையும் புரட்ட வேண்டும்.

தோசை ஊற்ற மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடம் தொடங்கியது முந்தின நாள் மத்தியானம். அரிசியும் உளுந்தும் நாலு மணி நேரம் ஊறின. அரை மணிக்கு மேல் அரைபட்டன. பிறகு எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் நுண்ணுயிர்கள் வேலை பார்த்தன. அதில் முக்கியமான ஒன்றின் பெயர் லூகோனாஸ்டாக். சர்க்கரையைத் தின்று புளிப்பையும் கரியமில வாயுவையும் வெளியே விடுகிறது. உளுந்தின் பசைத்தன்மை அந்த வாயுவைப் பிடித்து வைப்பதால் மாவு பொங்குகிறது. மனிதர் தூங்கும்போது நடக்கும் இந்தச் சமையலுக்குக் கூலி கிடையாது, புகாரும் கிடையாது.

இதில் அழகு என்னவென்றால் மாவுக்கு வயது உண்டு, வயதுக்கேற்ற உணவும் உண்டு. முதல் நாள் இட்லி. மறுநாளும் அதற்கடுத்த நாளும் தோசை. புளிப்பு தூக்கலானால் வெங்காயமும் பச்சை மிளகாயும் தூவி ஊத்தப்பம். அதற்கும் மேலே போனால் தாளித்துக் கொட்டிக் குழிப்பணியாரம். ஒரு கிரைண்டர் மாவு திங்களில் பிறந்து வெள்ளியில் முடிகிறது. எழுதப்படாத வார அட்டவணை ஒன்று அந்த எவர்சில்வர் தூக்குக்குள்ளேயே இருக்கிறது. அரைக்க நேரமில்லாதவர்களுக்கு ‘இட்லி மாவு கிடைக்கும்’ என்று வாசலில் அட்டை மாட்டிய வீடு தெருவுக்கு ஒன்று உண்டு. அங்கே அரைப்பதும் பெரும்பாலும் ஒரு பெண்தான். வேலை ஒரு சமையலறையிலிருந்து இன்னொரு சமையலறைக்குக் காசு கொடுத்து நகர்ந்திருக்கிறது, அவ்வளவே. யாழ்ப்பாணத்து இரவுப் புட்டும் இதே வகைதான். குழைத்து அவிக்க அரை மணி போதும், வறுத்த அரிசிமா டப்பாவில் இருந்தால். ‘வறுத்த’ என்பதற்குள் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது.

சீக்கிரம் ஆனால் மட்டும் போதுமா? ரவா உப்புமா இருபது நிமிடத்தில் ஆகிவிடும், வயிறும் நிறையும். அப்படியும் “உப்புமாவா?” என்ற முனகல் நின்றபாடில்லை. அதே வீட்டில் வெறும் ரசமும் சுட்ட அப்பளமும் வைத்தால் யாரும் முனகுவதில்லை. இதை நெடுநாள் யோசித்திருக்கிறேன். ராத்திரிச் சாப்பாட்டில் மூன்று விஷயம் இருந்தால் மனசு அடங்குகிறது என்று தோன்றுகிறது: தட்டில் விழும்போது ஆவி பறக்கிற ஒன்று, நாக்கைச் சுண்டுகிற ஒன்று, பல்லுக்குக் கடிபடுகிற ஒன்று. உப்புமாவுக்கு முதலாவது மட்டும் இருக்கிறது; அதனால்தான் ஊறுகாயைத் தேடுகிறோம். காலையில் பிசைந்த தயிர்சாதத்தின் மேல் ராத்திரி ஒரு கரண்டி எண்ணெயில் கடுகும் மோர்மிளகாயும் தாளித்துக் கொட்டினால் அது புதுச் சாப்பாடாகிவிடுகிறது. இரண்டு நிமிட வேலை. மீன் குழம்புக்கு அதுகூட வேண்டாம். காலையில் வைத்தது ராத்திரிக்கு ஊறித் தேறியிருக்கும்; முந்தின நாளுடையதென்றால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே செவ்வாய்க்கிழமை ராத்திரிக்கான புத்தகத்தை சாம்பார், குழம்பு, கூட்டு, பொரியல் என்று அத்தியாயம் பிரித்துப் பயனில்லை. குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து நிற்பவர் எதைப் பார்க்கிறாரோ அதுவே அத்தியாயத் தலைப்பாக வேண்டும். மாவு இருக்கும் ராத்திரி. காலைக் குழம்பு மிஞ்சிய ராத்திரி. சாதம் மட்டும் இருக்கும் ராத்திரி. இதற்குத்தான் புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் வீட்டில் இருப்பு வேண்டும். ஒன்றுமே இல்லாத ராத்திரி. ஒவ்வொரு குறிப்பிலும் இரண்டு நேரம் போட வேண்டும், அடுப்புக்கு முன் இவ்வளவு, அடுப்பில் இவ்வளவு. பொருள் பட்டியலில் ஒரு பெயரெச்சம்கூட இருக்கக் கூடாது. தேங்காய் அரை மூடி என்றே எழுத வேண்டும். துருவுவது செய்முறையின் ஒரு படியாக, நிமிடத்தோடு வர வேண்டும்.

நான்காவது அத்தியாயத்தில் என் கைப்பட ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன்.

மிளகு ரசம், பருப்புத் துவையல், அப்பளம். மூன்று பேருக்கு. மொத்தம் ஐம்பது நிமிடம், பாத்திரம் தேய்க்கப் பதினைந்து. நுழைந்ததும் சின்ன எலுமிச்சை அளவு புளியை வெந்நீரில் போடவும். ஒன்றரை டம்ளர் அரிசியைக் கழுவிக் குக்கரில் ஏற்றவும். அதன்பிறகு முகம் கழுவலாம். இந்த இடத்தில் பத்து நிமிடம் உங்களுடையது. கால் டம்ளர் துவரம்பருப்பை இரண்டு வற்றல் மிளகாயோடு எண்ணெய் விடாமல் சிவக்க வறுக்கவும், ஆறு நிமிடம். அடுப்பை விட்டு நகர்ந்தால் கருகும். அது ஆறுகிற நேரத்தில் ஒருவர் எட்டுப் பல் பூண்டு உரித்து இரண்டு கைப்பிடி தேங்காயைத் துருவவும், எட்டு நிமிடம். இன்னொருவர் மிளகு, சீரகத்தோடு பாதிப் பூண்டைத் தட்டவும். புளியைக் கரைத்து, உப்பும் மஞ்சள்தூளும் போட்டுப் பச்சை வாசனை போகக் கொதிக்கவிடவும், ஏழெட்டு நிமிடம். தட்டியதைப் போட்டுத் தண்ணீர் விட்டு, நுரை கட்டி மேலெழும்போது இறக்கிவிடவும். ரசம் தளதளவென்று கொதித்தால் வீண். நெய்யில் கடுகும் கறிவேப்பிலையும் தாளிக்கவும். வறுத்ததைத் தேங்காய், மீதிப் பூண்டு, உப்போடு கெட்டியாக அரைக்கவும். எல்லோரும் தட்டின் முன் உட்கார்ந்த பிறகு, சமைக்காத ஒருவர் எழுந்துபோய் அப்பளத்தைச் சுடவும்.

படுக்கும்முன் ஒரு டம்ளர் கொண்டைக்கடலையைக் கழுவி மூன்று டம்ளர் தண்ணீரில் போட்டு மூடவும், இரண்டு நிமிடம். யார் போட்டது என்று பக்க ஓரத்தில் பெயர் எழுதி வைக்கவும். நாளைக்கு வேறொரு புத்தகத்தைத் திறந்தால் அதில் ‘ஊறிய கொண்டைக்கடலை ஒரு கப்’ என்றுதான் இருக்கும்.